எழுபத்திரண்டு ஆணி விஷயமாகச் சம்பந்திக்கு எழுதியது

குருசுக்குப்பம், புதுச்சேரி
ஆவணி 26, வியாழக்கிழமை காலை

மரியாதைக்குரிய சம்பந்தி கமலக்கண்ணன் அவர்கள் சமூகத்துக்கு ஜானகிராமன் இரு கை கூப்பி எழுதுவது. இங்கே நான், என் மனைவி ஹேமலதா, என் சர்க்கரை, அவளுடைய முழங்கால் வலி ஆகிய நால்வரும் ஒருமாதிரி சௌக்கியம். அங்கே திண்டிவனத்தில் தாங்களும், சம்பந்தியம்மா சுமலதா அவர்களும், மாப்பிள்ளை வெற்றிவேலும், வளைகாப்பு முடிந்தும் தாய்வீடு வராமல் தங்கள் வீட்டிலேயே இருக்கும் எங்கள் மகள் கார்குழலியும், அவள் வயிற்றில் இருக்கும் நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான பிள்ளையும் பூரண சௌக்கியமாக இருக்க மணக்குள விநாயகரை தினமும் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் காலத்தில் யாரய்யா கடிதம் எழுதுகிறார்கள் என்று தாங்கள் நினைப்பீர்கள். போனில் பேசினால் தாங்கள் ‘பரவால்ல, பரவால்ல’ என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். எது பரவாயில்லை என்று யோசித்து யோசித்து எனக்கு இரண்டு நாள் சோறு இறங்குவதில்லை. வாட்ஸப்பில் எழுதலாம் என்றால் தங்கள் போனைத் திறந்து படித்துக் காட்டுவது தங்கள் மருமகள். அப்பா இப்படிப் புலம்புகிறாரே என்று அவள் மனசு கஷ்டப்படும். மாசமாக இருக்கிற பெண் மனசு கஷ்டப்படக் கூடாது. ஆகவே தபால்.

முதலில் சட்டை விஷயம். போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு தாங்கள் எங்கள் புது அறையைப் பார்க்க வந்தபோது, சன்னல் ஓரத்து ஆணியில் மாட்டித் தங்கள் வெள்ளைச் சட்டை தோளில் கிழிந்ததற்கு நானும் என் மனைவியும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். சன்னலைச் சுற்றி ஏன் ஆணி நிற்கிறது, ஆணியில் ஏன் பலகை இல்லை என்று தாங்கள் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம். கேட்காமல் காபியைக் குடித்துவிட்டு, வாசல் கேட்டருகில் செருப்பை மாட்டிக்கொண்டே, “வீட்டு வேல முடியட்டும் சம்பந்தி. முடியலன்னாலும் கவலப்படாதீங்க, பிரசவத்த எங்க வீட்லயே பாத்துக்கலாம், ஒண்ணும் கொறஞ்சிடாது” என்றீர்கள். பெருந்தன்மையாகத்தான் சொன்னீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சன்னலுக்கு உள்ளே நின்று ஹேமலதா கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று பார்ப்பதையே விட்டுவிட்டாள். ஆகவே அந்த எழுபத்திரண்டு ஆணியும் எப்படி வந்தன என்று விளக்கி, இன்னும் பதினைந்தே நாள் அவகாசம் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீடு கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, மணல் பூமியில் இருப்பது தாங்கள் அறிந்ததே. ஒரு கூடம், ஒரு சமையலறை, மோட்டாரும் இன்வர்ட்டரும் குடியிருக்கும் ஒரு சின்ன அறை, அவ்வளவுதான். தலைப்பிரசவத்துக்கு வரும் பெண்ணை மோட்டாருக்குப் பக்கத்தில் படுக்க வைக்க முடியுமா? பின்பக்கம் ஓர் அறை போடலாம் என்றால், மணலில் செங்கல் சுவர் எழுப்ப ஆழமாக அஸ்திவாரம் வேண்டும், பிள்ளைக்குக் காது குத்தும்போதுதான் முடியும் என்றார்கள். அப்போதுதான் தட்டாஞ்சாவடியில் பட்டறை வைத்திருக்கும் சாமிக்கண்ணு ஒரு யோசனை சொன்னார். இரும்புச் சட்டம் நிறுத்தி, வெளிப்பக்கம் நார் கலந்த சிமெண்ட் பலகையை ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி உட்காரும்படி வரிசையாக அடித்துக்கொண்டு போனால் மர வீடு மாதிரி இருக்கும், கரையான் வராது, உப்புக்காற்று ஒன்றும் செய்யாது, மூன்று வாரத்தில் முடிந்துவிடும் என்றார். பொய் சொல்லக் கூடாது, பத்தொன்பதே நாளில் அறை நின்றது. இரண்டு மாதமாக நிற்காமல் இருப்பது பட்டிதான்.

பட்டி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பலகைகள் மூலையில் வந்து முடிகிற இடத்திலும், கதவு சன்னலைச் சுற்றியும் வெட்டிய முனை பல்லிளித்துக்கொண்டு தெரியும். அந்த இடைவெளியில் மழைத்தண்ணீர் போகும், பல்லி போகும், ஏற்கனவே போய்விட்டது. அதை மறைத்து ஓரத்தில் நிறுத்தும் பலகைக்குத்தான் பட்டி என்று பெயர். மற்றவர்களுக்கு அது ஓரம். எனக்கு அப்படி இல்லை சம்பந்தி. மில் மூடும் வரை முப்பத்தொரு வருஷம் துணி செக்கிங்கில் உட்கார்ந்து கரை மட்டுமே பார்த்தவன் நான். ஓரம் சரியில்லாத எதையும் இந்தக் கண் பாஸ் பண்ணாது, என்னால் ஆகாது. அதோடு பிரசவம் ஐப்பசிக் கடைசியில். அடைமழைக் காலம். பச்சைக் குழந்தை படுத்திருக்கும் அறையில் மூலைக்கு மூலை தண்ணீர் சொட்டினால் நான் எந்த முகத்தோடு தங்கள் முன்னால் நிற்பேன்?

சிமெண்ட் பலகைக்கு எந்தப் பட்டி பொருந்தும் என்று பார்க்க நாலு மாதிரி வாங்கி வந்து கிணற்றுச் சுவரில் சாய்த்து வைத்தேன். ஒன்று தேக்கு, ஒன்று வெள்ளைப் பிளாஸ்டிக், ஒன்று அலுமினியம், இன்னொன்று அதே சிமெண்ட் பலகையில் தடியாக வார்த்தது. வெயிலில், நிழலில், குளித்துவிட்டு, குளிக்காமல் என்று மூன்று வாரம் பார்த்தேன். ஹேமலதாவுக்குத் தேக்குதான் வேண்டும், பிள்ளை வரும் வீட்டில் மரம் இருந்தால் லட்சணம் என்றாள். பக்கத்து வீட்டு முசே இராமதாஸைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், பிரான்சில் தூலோனில் பன்னிரண்டு வருஷம் குடியிருந்தவர், அதனால்தான் பெயருக்கு முன்னால் முசே. அவர் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு, அங்கே எல்லா வீட்டிலும் பட்டி வெள்ளைதான், பட்டிக்கும் பலகைக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் இடம் விட்டுப் பசை போட்டு அடைப்பார்கள், முட்டவிட்டால் கெட்டது என்று தினம் காலையில் பேப்பருக்கு முன்னால் எனக்குச் சொல்லிவிடுவார். நான் கேட்கவில்லை. அலுமினியத்தில் மூன்றாவது வாரமே கடல்காற்று வெள்ளைப் புள்ளி புள்ளியாகக் கோலம் போட்டுவிட்டது. அது போனதில் எனக்கு ஒரு நிம்மதி, மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். சாமிக்கண்ணு மட்டும் எதுவானாலும் சரி, இன்றைக்கே சொல்லுங்கள் என்று ஒவ்வொரு நாளும் சொன்னார்.

இந்த நேரத்தில்தான், வளைகாப்புக்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை, உப்பளத்திலிருந்து என் மனைவியின் அக்கா அஞ்சலாட்சி வந்து இறங்கினார். வந்தவர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற பெண் வரப்போகும் வீட்டில், வளையல் போட்ட பிறகு ஆணி அடிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். நான் விடவில்லை. கல்யாணமாகிப் போன பெண் திண்டிவனத்து வீட்டுக்காரி ஆயிற்றே, அந்தக் கணக்குப்படி சம்பந்தி வீட்டில்தானே ஆணி அடிக்கக் கூடாது என்று கேட்டேன். பிரசவம் எங்கேயோ அந்த வீடுதான் கணக்கு என்றார். ஸ்குரு முடுக்கலாமா என்றேன். சுவரில் ஓட்டை விழுந்தால் எல்லாம் ஒன்றுதான் என்றார். பசையில் ஒட்டினால் என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லும் முன்பே சாமிக்கண்ணு, சிமெண்ட் தூசியின் மேல் வெறும் பசை ஒரு மழைக்குக்கூட நிற்காது என்று அந்தக் கதவையும் சாத்திவிட்டார்.

அப்போது மணி மூன்று. நாலரைக்கு ராகுகாலம். மறுநாள் வளைகாப்பு. பட்டி இன்னும் முடிவாகவில்லை, முடிவானாலும் அன்றைக்குள் வெட்டி வராது. அப்போது ஹேமலதா சொன்னாள், “ஆணிய இன்னிக்கே அடிச்சிடுங்க. பலகைய அப்பறம் மாட்டிக்கலாம்.” சம்பந்தி, தாங்கள் சிரிக்கக் கூடாது. அந்த நேரத்தில் அது எங்கள் மூன்று பேருக்கும் மகா புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. அஞ்சலாட்சி அக்காவே அவளைத் தட்டிக் கொடுத்தார். நான் மில் பழக்கத்தில் நூல் பிடித்தேன். சாமிக்கண்ணு துருப்பிடிக்காத எவர்சில்வர் ஆணியாக எழுபத்திரண்டை, ஒவ்வொன்றும் ஒரு இன்ச் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி, நாலு மூலையிலும் கதவு சன்னலைச் சுற்றியும் அடித்து முடித்தபோது மணி நாலு இருபத்தெட்டு. அவ்வளவு நேரான ஆணி வரிசையை நான் பார்த்ததே இல்லை. அதில் மறுநாளே ஹேமலதா துவைத்த துணியைக் காயப்போட ஆரம்பித்தாள், அது வேறு விஷயம்.

இனிமேல் நடந்தது எல்லாம் அந்த ஆணிக்குப் பொருந்துகிற பலகையைத் தேடிய கதைதான். வீட்டில் ஆணி அடிக்கத்தானே கூடாது, பலகையில் ஓட்டையைத் தட்டாஞ்சாவடியிலேயே போட்டுக் கொண்டுவரலாம். கீழே ஆணித்தலை நுழைகிற அளவுக்குப் பெரிய ஓட்டை, அதற்கு மேலே குறுகலாக ஒரு நீளச் சந்து, காடி என்பார்கள். சுவரில் காலண்டர் மாட்டுகிற மாதிரி மாட்டி இறக்கினால் ஆணி காடியில் உட்கார்ந்துகொள்ளும். முதலில் லேசாக இருக்கிறதே என்று பிளாஸ்டிக்கை மாட்டினோம். மாட்டியதும் தெரிந்தது, பட்டி அரை இன்ச், பலகைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற இடம் முக்கால் இன்ச். பட்டி உள்ளே போய்விட்டது, பலகை எல்லாம் எடுப்பான பல் மாதிரி வெளியே நின்றது. இது எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டிய விஷயமாம், பட்டி எப்போதும் பலகையைவிடத் தடியாக இருக்க வேண்டுமாம், இதையும் முசே இராமதாஸ் மதில்மேல் கையை ஊன்றித்தான் சொன்னார். சரி, மழைக்காவது மறைக்கட்டும் என்று விட்டுவைத்தேன். மூன்று மணி வெயிலில் அந்தப் பிளாஸ்டிக் நீண்டு, வில்லாக வளைந்து, ஆணியை விட்டு எம்பி, எட்டடிப் பட்டி ஒன்று மதிலைத் தாண்டிப் போய் முசே இராமதாஸின் காபிக் கோப்பையில் தலைவைத்துப் படுத்தது. நல்ல மனிதர். கோப்பை போனது போகட்டும், நீளம் சரியாக இருக்கிறது என்றார்.

அடுத்து தேக்கு. ஹேமலதா முகத்தில் சிரிப்பைப் பார்க்க வேண்டும் என்றே வாங்கினேன், ஒளிப்பானேன். ஒரு இன்ச் தடி, ஆணிக்கு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. அந்த மூன்று மில்லி இடத்தை மட்டும் நான் விடவில்லை. ஓரத்தில் சந்து தெரிந்தால் எனக்குத் தூக்கம் வராது, நெருக்கமாக முட்ட வைக்கச் சொன்னேன். மறுநாளும் அதற்கடுத்த நாளும் மழை. மரம் குடித்துக் குடித்து உப்பிவிட்டது. பக்கத்துப் பலகைகளை நெட்டித் தள்ளுகிறது, கழற்றவும் வரவில்லை, அசையவும் இல்லை. தட்டித்தான் எடுக்க வேண்டும், ஆனால் சுத்தியல் சத்தம் கேட்கலாமா கூடாதா என்பது பற்றித் தீர்ப்பு எதுவும் இல்லை. சாமிக்கண்ணு சுத்தியலுக்குத் துண்டைச் சுற்றி மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்கும்போது அஞ்சலாட்சி அக்கா உள்ளே வருகிறார். என்ன சத்தம் என்று கேட்டார். சாமிக்கண்ணுக்கு இருமல் என்றேன். அந்த மனிதர் பாவம், அக்கா கிளம்பும்வரை ஒரு மணி நேரம் இருமினார். ஹேமலதா அவருக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்து, அதையும் குடிக்க வைத்துவிட்டாள். தேக்கு ஒருவழியாகக் கழன்று மறுபடி வெறும் ஆணி நின்ற அந்த வாரக் கடைசியில்தான் தாங்கள் வந்ததும், சட்டை கிழிந்ததும்.

தாங்கள் போன பிறகு எனக்குப் புத்தி வந்தது. சிமெண்ட் பலகைக்குச் சிமெண்ட் பட்டிதான் ஜோடி. வெயிலுக்கு நீளாது, மழைக்கு உப்பாது, இரண்டும் ஒரே சுபாவம், சம்பந்தம் பண்ணும்போது நாம் பார்க்கிற விஷயம்தானே இது. தேக்கு மாதிரியே ஒரு இன்ச் தடி, மூன்று மில்லி இடம், வெள்ளைப் பசை, எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனால் அது தேக்கு மாதிரி விட்டுக்கொடுக்காது, ஓட்டை இம்மி பிசகினாலும் ஆணியில் ஏறாது, தட்டினால் உடையும். அதனால் பழைய பேப்பரை ஆணிகள்மேல் வைத்து அழுத்தி, ஆணித்தலை பதிந்த இடத்தில் சாமிக்கண்ணு ஓட்டை குறித்தார். ஒவ்வொரு தாளிலும் எந்தச் சன்னல், எந்தப் பக்கம் என்று நானே என் கையால் எழுதினேன். எழுதியது தாளின் எந்தப் பக்கத்தில் என்பதைத்தான் கவனிக்கவில்லை. பேப்பருக்கு இரண்டு பக்கமும் அச்சு, எது முன், எது பின் என்று பட்டறையில் யாருக்குத் தெரியும்? பட்டி வந்து இறங்கியபோது வலப்பக்கத்து ஓட்டையெல்லாம் இடப்பக்கத்தில், இடப்பக்கத்து ஓட்டையெல்லாம் வலப்பக்கத்தில். புரட்டி மாட்டலாமே என்பீர்கள். புரட்டினால் வழவழப்பான முகம் சுவரைப் பார்க்கிறது, சொரசொரப்பான முதுகு தெருவைப் பார்க்கிறது. அதை நான் பாஸ் பண்ணவில்லை. ஹேமலதா ஈரத்துணியைக் கொண்டுவந்து அந்த ஆணிகளிலேயே மறுபடியும் காயப்போட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சம்பந்தி, இப்போது ஒன்று சொல்கிறேன், இதைச் சம்பந்தியம்மாவிடம் மட்டும் சொல்லுங்கள். கார்குழலி பிறந்தபோது ஹேமலதாவுக்குத் தாய்வீடு இல்லை. அவள் அம்மா அதற்கு முந்தின வருஷமே போய்விட்டார், அக்காவுக்கு அப்போது கைப்பிள்ளை. வாடகை வீட்டில் பெற்றெடுத்து வந்தவள் மூன்றாம் நாள் தானே எழுந்து தனக்கு வெந்நீர் போட்டுக்கொண்டாள். நான் ஷிப்டில் இருந்தேன். இதை ஒரு குறையாக அவள் பேசியதே கிடையாது. இருபத்தேழு வருஷத்தில் ஒரே ஒரு தடவை, கார்குழலி மாசமாக இருக்கிற சேதி வந்த அன்று, ரேஷன் அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள். “எனக்குதான் குடுத்துவெக்கல. அவளுக்காவது நான் வெந்நி போட்டுத் தரணும்.” அதற்காகத்தான் இந்த அறை. தங்கள் வீட்டில் ஒரு குறையும் வராது, என் மகளைத் தாங்கள் இருவரும் பெற்றவர்களைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள், அதில் எனக்குத் துளி சந்தேகம் கிடையாது. ஆனால் பிரசவம் அங்கேயே ஆகிவிட்டால் என் வீட்டுக்காரி உடைந்துபோவாள். சரியான பக்கம் எழுதிய புதுத் தாளைப் பட்டறையில் கொடுத்தாயிற்று. பதினைந்து நாளில் பட்டி ஏறிவிடும். புரட்டாசி பிறந்தாலும் பாதகமில்லை என்று அஞ்சலாட்சி அக்காவிடம் எழுதி வாங்காத குறையாகக் கேட்டுவிட்டேன். பெரிய மனசு பண்ணி என் மகளை அனுப்பிவைக்க வேண்டும். காலில் விழவும் தயார், சர்க்கரைக்காரன், எழுப்பிவிட மட்டும் ஒரு ஆள் வேண்டும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லவும். கார்குழலியை இரும்பு மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லவும். வயிற்றுப் பிள்ளைக்கு இந்தத் தாத்தாவின் முத்தம், யார் மூலமாகக் கொடுப்பது என்று தெரியவில்லை, எழுதி வைக்கிறேன்.

தங்கள் பதிலை நோக்கிக் கேட்டருகிலேயே நிற்கும்,
ஜானகிராமன்

பி.கு.: உறையில் போட்டு நாக்கால் நனைக்கும் நேரத்தில் வாசலில் ஆட்டோ. கார்குழலி இறங்குகிறாள், பின்னாலேயே இரண்டு பையோடு சம்பந்தியம்மா இறங்குகிறார். தாங்கள் பேங்குக்குப் போன நேரம் பார்த்துப் பஸ் ஏறிவிட்டார்களாம், தங்களுக்கு இன்னும் தெரியாதாம், என்னைச் சொல்லச் சொன்னார்கள், இதோ சொல்லிவிட்டேன். நான் பதறிப்போய், ரூம்பு இன்னும் முடியலையேம்மா, ஓரமெல்லாம் திறந்து கிடக்கிறதே என்று ஆரம்பித்தேன். என் மகள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எனக்கு ரூம்பு எதுக்குப்பா? நான் அம்மா பக்கத்துலதான் படுத்துக்கப்போறேன்” என்று சொல்லிவிட்டு, நேரே சமையலறைக்குப் போய் அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். ஹேமலதா இருபது நிமிஷமாக அடுப்பை அணைக்கவில்லை, சாம்பார் அடிப்பிடித்த வாசனை இங்கே வரைக்கும் வருகிறது, நான் போய்ச் சொல்லவில்லை. எனக்கும் கண் சரியாகத் தெரியவில்லை.

ஆகவே மேலே எழுதிய அவகாசம், கெஞ்சல் எதுவும் தேவையில்லை, கோடு போட்டு அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளவும். பெண்கள் மூன்று பேரும் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்தாகிவிட்டது. சம்பந்தியம்மாவும் பிரசவம் முடியும்வரை இங்கேதானாம். என் கட்டிலை இப்போதுதான் தூக்கிக் கொண்டுபோய்ப் புது அறையில் போட்டிருக்கிறார்கள். வீட்டில் தனியாக இருந்து என்ன செய்யப்போகிறீர்கள், தாங்களும் புறப்பட்டு வரவும். நாம் இரண்டு பேரும் அங்கேதான். மழை வந்தால் கட்டிலை எந்த மூலைக்கு நகர்த்துவது என்று வந்ததும் பேசிக்கொள்ளலாம்.